இடுக்கு விழாத பலகை

"கைய எடுக்காத இஃப்ஃபத். எடுத்தன்னா டிராக் நகந்துடும்."

இஃப்ஃபத் கையை எடுக்கவில்லை. கால் மணி நேரமாக அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அந்த அலுமினியத் தடத்தின் ஒரு முனையை அழுத்திக்கொண்டிருந்தன. மறுமுனையில் அவள் அத்தா அன்வருதீன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தடத்தின் ஓரத்தில் இருந்த கறுப்பு ரப்பர் பட்டையையும் பலகையில் பென்சிலால் இழுத்த கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். வீட்டுக்குள்ளே அம்மா மவுத்தாகிக் கிடந்தாள். விடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

தெருவில் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பரப்பியிருந்தார்கள். உப்பளம் பகுதியின் அந்தக் குறுகலான தெருவில் பாதி பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். போர்ட்டிகோவில் நடப்பதைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ரம்பம் ஓடும்போதெல்லாம் ஓதுவதை நிறுத்தி, நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். இஃப்ஃபத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

கபரில் உடலை இறக்கியதும் அதன் மேல் மண் படாமல் பலகைகளை அடுக்கி, அதற்கப்புறம்தான் மண் தள்ளுவார்கள். அந்தப் பலகை எப்போதும் பள்ளிவாசல் ஸ்டோரில் இருக்கும். இந்த வாரம் அடுத்தடுத்து இரண்டு மவுத் விழுந்ததில் ஸ்டோர் காலி. ஞாயிற்றுக்கிழமை, மரக்கடையும் பூட்டு. கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சாவி வாங்கி, பதினோரு மணிக்குள் ஏற்பாடு செய்துவிடுவதாகப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர் சொன்னார். அன்வருதீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம். எங்கிட்ட மரம் இருக்கு. நானே அறுத்துத் தரேன்" என்றார். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போய் மனைவியின் கை சில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து இஃப்ஃபத் கேட்க அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. இஃப்ஃபத்தும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

ஏனென்றால் அத்தாவுக்கு மரம் அறுப்பது என்பது அறுப்பது இல்லை. அறுப்பதற்கு முன்னால் செய்கிற வேலைதான் அவருக்கு வேலை. நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் சங்கிலியும் கல்லுமாக அடுத்தவன் மனைக்கு எல்லை பிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க எதுவும் இல்லாமல் தவித்தார். பிரான்ஸின் லியோனில் வேலை பார்க்கும் மகன் ஃபஹீம் இரண்டு வருடம் முன்பு லீவில் வந்தபோது பெட்டிக்குள் துணி சுற்றி இந்த டிராக் ரம்பத்தைக் கொண்டுவந்தான். தடத்தின் மேல் வைத்துத் தள்ளினால் ரம்பம் தடம் விட்டு விலகாது, கோடு கிழித்தது போல அறுக்கும். அன்வருதீன் பிரெஞ்சில் இருந்த விளக்கப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து ஒரு மாதம் படித்தார். பிறகு அதை வைத்து அறுப்பதற்கென்று ஒரு வேலைப் பெஞ்சு போட ஆரம்பித்தார். அந்தப் பெஞ்சு இன்றுவரை முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் போர்ட்டிகோ. மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தரையைத் தெருப் பக்கம் சரித்துக் கட்டியிருந்தார்கள். பெஞ்சின் முன்கால் இரண்டுக்கும் ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்தால் ஆடிக் காற்றில் மரம் காயும், கால் ஆடும். ஐப்பசியில் ஊறும், மேல் பலகை தூக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் கழற்றி, மூலமட்டம் வைத்து மூலைகளை மறுபடி நேராக்குவார். சமையலறைக்கு ஒரு அலமாரி செய்து தருகிறேன் என்று மனைவி ஜஹபர் நிஷாவிடம் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு கதவு மட்டும் மாட்டினார். நடுவில் ஒரு இடுக்கு விழுந்தது.

"கரப்பான் குடும்பத்தோட போயிட்டு வருது" என்று அம்மா ஃபஹீமிடம் வீடியோ காலில் கதவைக் காட்டிச் சொன்னாள். "உங்க அத்தாவுக்கு மில்லிமீட்டர் தெரியுது, கரப்பான் தெரியல."

அத்தா அன்று சாப்பிடாமல் போய்க் கதவைக் கழற்றினார். அது இன்னும் கழன்றே கிடக்கிறது.

"அத்தா, மணி ஒம்போதரை ஆவுது" என்றாள் இஃப்ஃபத். "பத்தரைக்கு அம்மாவ குளிப்பாட்டறாங்க. நான் போவணும்."

"தெரியும்மா. இத மட்டும் பாத்துக்கலாம். அஞ்சு வெட்டு போட்டுப் பாத்துட்டா கவலை இல்ல."

அவளுக்கு அஞ்சு வெட்டு என்றால் என்னவென்று தெரியும். இரண்டு வருடமாக அந்தக் கதை கேட்காத ஆள் அந்த வீட்டில் இல்லை. ஒரு பலகைத் துண்டின் நாலு பக்கத்தையும் வரிசையாகத் திருப்பி அறுத்து, ஐந்தாவதாக ஒரு மெல்லிய கீற்றை அறுக்க வேண்டும். கீற்றின் இரண்டு முனையும் ஒரே அகலம் என்றால் பெஞ்சு சரி. இல்லையென்றால் எங்கேயோ கோணல். கோணல் எங்கே என்று தேடுவதற்கு அரை நாள் வேண்டும்.

"இன்னிக்கு எதுக்கு அத்தா இது? பலகைதானே. மண்ணுக்குள்ள போவுது. யாரு பாக்கப் போறா?"

அன்வருதீன் கீற்றை வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார். "பலகையோட ஒரு முனை எட்டு அங்குலம், இன்னொரு முனை அதுக்கு மேல ஒரு மயிரிழைன்னு வெச்சுக்க. ஒரு பலகைக்கு மயிரிழைன்னா ஒம்போது பலகைக்கு எவ்வளவு ஆவுது? இடுக்கு விழும். இடுக்குல மண்ணு ஒழுகும். உங்கம்மா மேல ஒழுகும்."

இஃப்ஃபத் தடத்தை அழுத்திப் பிடித்தாள்.

அவர் தூசி உறிஞ்சும் வாக்குவம் குழாயை ரம்பத்தின் பின்னால் மாட்டி இரண்டையும் ஓடவிட்டார். அம்மாவுக்குத் தூசி ஆகாது, இருமுவாள். அதற்காக வாங்கிய வாக்குவம். அது ரம்பத்தைவிடச் சத்தம் போட்டது. பாதிப் பலகை அறுத்ததும் எல்லாம் அடங்கிப்போனது. பிரான்ஸ் பிளக்கின் உருண்டைக் கால்கள் நம்மூர் சாக்கெட்டில் சரியாக உட்காராமல் எப்போதும் போல நழுவியிருந்தன. மறுபடி சொருகி, விட்ட இடத்திலிருந்து தள்ளினார். ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி விழுந்துவிட்டது. அதைத் தடவிப் பார்த்தவர், "இது ஆவாது" என்று அந்த ஓரத்தை முதலிலிருந்து சீவ ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு அவள் கணவன் முஹம்மது ஆரிப் மையவாடியிலிருந்து வந்தான். குழி வெட்டுவதைப் பார்த்துக்கொள்ளப் போனவன். முழங்கால் வரை மணல். கையில் ஒரு சணல் கயிறு இருந்தது. இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது.

"காசிம் பாய் குடுத்தாரு மாமா. பலகை இந்த முடிச்சுலேர்ந்து இந்த முடிச்சு வரைக்கும் இருக்கணுமாம். ஒம்போது."

காசிம் பாய்தான் குழி வெட்டுகிறவர். அன்வருதீன் கயிற்றை வாங்கி டேப்பின் மேல் வைத்தார். மூன்றடிக்கு மேல் ஒரு அங்குலம் வந்தது. கொஞ்சம் இழுத்தார், மூன்றடி இரண்டு அங்குலம் ஆனது. அவர் முகத்தில் ஒரு வெறுப்பு தெரிந்தது.

"குழி அகலம் எவ்வளவு?"

"ரெண்டரை அடி. நானே அளந்தேன் மாமா."

"டேப்புல அளந்தியா?"

"ஆமா. எழுபத்தாறு சென்டிமீட்டர்."

"அப்ப இந்தக் கயிறு எதுக்கு அரை அடி கூட காட்டுது? கயிறுன்னாலே இப்படித்தான். ஈரம் பட்டா சுருங்கும், இழுத்தா நீளும். கயிறு வெச்சி அளந்து எத்தன பேரு கோர்ட்டுக்குப் போயிருக்கான் தெரியுமா? ரெண்டரை அடிதான் கணக்கு."

"அத்தா, கயிறு அளவுக்கே அறுத்துடுங்க. கூட இருந்தா என்ன கெட்டுப் போச்சு?" என்றாள் இஃப்ஃபத்.

"கூட இருந்தா ரெண்டு பக்கமும் மண்ணுல முட்டும். முட்டினா பலகை தூக்கிக்கும். தூக்கினா இடுக்கு." அவர் கயிற்றைச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தார். "வேலைக்காரங்க எப்பவும் கொஞ்சம் கூடத்தான் கேப்பாங்க. நாமதான் பாத்து செய்யணும்."

ஆரிப் அவளைப் பார்த்தான். அவள் ஆரிப்பைப் பார்த்தாள். மனைவியை இழந்து ஆறு மணி நேரம் ஆகாத மனிதரோடு அரை அடிக்காகச் சண்டை போட யாருக்கு வாய் வரும்? அலமாரிக்காக வாங்கி வைத்திருந்த நாலடிப் பைன் பலகைகள் ஒன்பது சுவரோரம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆரிப் எடுத்துக் கொடுத்தான்.

கதவோரம் ரஹமத் பீ வந்து நின்றாள். அந்த வட்டாரத்தில் பெண்களுக்கு மவுத்துக் குளிப்பு கொடுப்பது அவள்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடங்கிய குரலில் சொன்னாள். "இஃப்ஃபத்து, தண்ணி காஞ்சிடுச்சு. எலந்த எல போட்டு வெச்சிட்டேன். பெத்த பொண்ணு நீ வந்து கைய வைக்கணும்."

"இதோ வந்துட்டேன்."

"இன்னும் ஆறு பலகை" என்றார் அன்வருதீன்.

"அவரு பிடிப்பாரு இல்ல?"

"ஆரிப்புக்கு இது பழக்கம் இல்லம்மா. நீதான் லீவு விட்டா வந்து பிடிப்ப. உனக்கு அழுத்தம் தெரியும்."

அது உண்மைதான். கருவடிக்குப்பத்தில் கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவள்தான் பிடிப்பாள். அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் கப்பல் கட்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது அந்தப் பெஞ்சை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது.

ரஹமத் பீ இன்னொரு தரமும் வந்து நின்றாள்.

ஒன்பதாவது பலகையும் முடிந்தபோது பத்தே முக்கால். அன்வருதீன் ஒன்பதையும் பெஞ்சின் மேல் ஓரத்தோடு ஓரம் நெருக்கி வைத்தார். செல்போன் டார்ச்சை எரியவிட்டுக் கீழே குனிந்து, அடியிலிருந்து வெளிச்சம் அடித்தார். மேலிருந்து இஃப்ஃபத் பார்த்தாள். ஒரு இடுக்கிலும் வெளிச்சம் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெஞ்சு சரியாக வேலை செய்திருந்தது.

"தெரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"இல்ல அத்தா. எதுவும் தெரியல."

அவர் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆரிப் பலகைகளைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மையவாடிக்குப் போனான். இஃப்ஃபத் குழாயடிக்கு ஓடி முழங்கை வரை ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவினாள்.

பின்கட்டில் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே குளிப்பாட்டும் பலகையில் அம்மா ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தாள். பெரிய அண்டாவில் தண்ணீர் ஆவி பறந்தது. இஃப்ஃபத் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, ரஹமத் பீ கொடுத்த சொம்பைக் கையில் வாங்கினாள். அப்போதுதான் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. ஆரிப்.

"இஃப்ஃபத், பலகை எட்டல."

"எட்டலன்னா?"

"இங்க மணல் பூமி. குழிக்குள்ள பலகை தாங்க படி வெட்டினா நிக்காதாம், சரிஞ்சிடுமாம். அதனால பலகைய குறுக்கால படுக்க வைக்க மாட்டாங்களாம். ஒரு பக்கம் கீழ, ஒரு பக்கம் மேல, சாய்ச்சிதான் வைப்பாங்களாம். சாய்ச்சா மூணடி வேணும். காசிம் பாய் கத்தறாரு, கயிறு குடுத்தேனேன்னு. மாமாகிட்ட நீ சொல்லு. என்னால முடியாது."

அவள் சொம்பை அண்டாவின் விளிம்பில் வைத்தாள். ரஹமத் பீயிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுப் போர்ட்டிகோவுக்கு வந்தாள். அத்தா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அன்வருதீன் துடைப்பதை நிறுத்தினார். ஜன்னல் விளிம்பில் இருந்த கயிற்றை எடுத்தார். ஒரு முனையைப் பெஞ்சின் மேலும் மறுமுனையைக் காற்றில் உயர்த்தியும் சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். மூலைவிட்டம் பார்த்தே வயிறு வளர்த்த மனிதர். அவருக்கு அது புரிவதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

சுவரோரம் மிச்சமிருந்தவை எல்லாம் ஒன்றரை அடித் துண்டுகள். அவர் அவற்றைப் பார்த்தார். அப்புறம் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சின் மேல்பாகம் ஏழடி நீளத்தில் ஐந்து பலகைகள், அதே எட்டு அங்குல அகலம். ஒவ்வொன்றிலும் மூன்றடித் துண்டு இரண்டு வரும்.

"ஸ்க்ரூ டிரைவர் எடு" என்றார்.

"அத்தா, பள்ளிவாசல்ல சாவி வாங்கியிருப்பாங்க. கேட்டுப் பாக்கலாம்."

"நான் தரேன்னதும் அவங்க விட்டுட்டாங்க. ஆரிப்பே சொன்னான். நீ எடு."

"நான் உள்ள போவணும்."

"கழட்டி, ரெண்டு பக்கமும் செங்கல்லு வெச்சி, டிராக்க மேல போட்டு, ஓரத்த ஒரு தடவ சீவிட்டா..."

"அத்தா."

"நீ ஒரு பக்கம் புடிச்சின்னா போதும். அரை மணி நேரம்."

அவளுக்குள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது உடைந்தது. சத்தம் போடவில்லை. பந்தலில் ஆட்கள் இருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நாப்பது வருஷம் உங்க கூட இருந்தவங்க. கடைசியா ஒரு சொம்பு தண்ணி ஊத்தறதுக்குக் கூட உங்க மில்லிமீட்டரு விடாதா? நீங்க ஒரு தரம் உள்ள வந்து அவங்க பக்கத்துல உக்காந்தீங்களா? காலையிலேர்ந்து இந்த மரத்தையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க. எனக்கு இருந்தது ஒரு அம்மா. நான் போறேன்."

அன்வருதீன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

முதல் தண்ணீரை வலது தோளிலிருந்து ஊற்ற வேண்டும் என்று ரஹமத் பீ சொல்லிக்கொடுத்தாள். இஃப்ஃபத் ஊற்றினாள். துணிக்கு அடியில் கையை விட்டுத் தேய்த்தாள். அம்மாவின் தோள் எப்போதும் போலவே இருந்தது. அம்மை குத்திய தழும்பு விரலில் தட்டியது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம் இன்னும் தணியாமல் சொம்பை வேகமாகக் கவிழ்த்தாள். சின்னம்மாக்கள் இரண்டு பேர் உடலைப் பிடித்து இடது பக்கம் சாய்த்தார்கள்.

"கோவத்தோட ஊத்தாதம்மா" என்றாள் ரஹமத் பீ. "மெதுவா."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"போர்ட்டிகோவுல பேசறது இங்க கேக்காம இருக்குமா?" அவள் இலந்தை இலையைக் கசக்கித் தண்ணீரில் விட்டாள். "உங்க அத்தா வரலன்னு நெனக்காத. ஏழு மணிக்கு நான் வந்து அண்டாவ கழுவிட்டு இருந்தேன். அந்த தார்ப்பாயிக்கு அந்தாண்ட வந்து நின்னாரு. என்ன பாய்ன்னேன். குளிப்பாட்டறப்ப நான் ஒரே ஒரு சொம்பு ஊத்தட்டுமான்னு கேட்டாரு."

இஃப்ஃபத்தின் கை நின்றது.

"இல்ல பாய், நம்ம பழக்கத்துல அது கெடையாது, மவுத்தானதும் அந்த ஒறவு முடிஞ்சுடுது, நீங்க மொகத்த பாக்கலாம், தொடக் கூடாதுன்னு சொன்னேன். மேலேர்ந்து ஊத்தினா போதும், கை படாதுன்னாரு. அப்பவும் முடியாதுன்னுட்டேன். எனக்குச் சொல்லிக்குடுத்தத நான் சொன்னேன். சரிம்மான்னு போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல அந்த மிஷின் சத்தம் கேட்டுது."

சின்னம்மா ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இஃப்ஃபத் இரண்டாவது தண்ணீரை ஊற்றினாள். அவள் சொன்ன அதே சொம்பு. அந்த வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைமுடியைக் கோதிவிட்டாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள், கால் விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. வெளியே ரம்பம் ஓடவில்லை. ஸ்க்ரூ கழன்று தரையில் விழுகிற சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது. அதுவும் நின்று, கைரம்பம் இழுக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மரம் ஆடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூணாவது கர்ப்பூரத் தண்ணி" என்று ரஹமத் பீ சொம்பை நீட்டினாள். "இதான் கடைசி."

இஃப்ஃபத் சொம்பை வாங்கவில்லை. கர்ப்பூரம் கரைத்த பாத்திரத்தில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கி எடுத்தாள்.

"சின்னம்மா ஊத்தட்டும்" என்றாள்.

"ஏம்மா? நீதானே ஊத்தணும்னு வந்த?"

"நான் ஊத்திட்டேன். ரெண்டு தரம் ஊத்திட்டேன்."

கையைத் துடைக்காமல் அவள் வெளியே வந்தாள்.

பெஞ்சு எலும்புக்கூடாக நின்றது. நாலு காலும் சட்டமும்தான் மிச்சம். அதன் பலகைகளில் ஒன்றை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் போட்டு, அன்வருதீன் கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வடிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்திருந்தார். எவ்வளவு அழுத்தினாலும் நாற்காலி வளைந்துகொடுத்ததில் பலகை துள்ளியது. இரண்டு வருடமாக ரம்பம் ஓடிய தடங்கள் பலகை முழுக்கக் கோடு கோடாக இருந்தன.

அவள் வந்ததைப் பார்த்து வடிவேல் விலகிக்கொண்டார். "நீ புடிம்மா. எனக்கு வாட்டம் வரல" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

இஃப்ஃபத் இரண்டு கைகளையும் பலகையின் மேல் வைத்து அழுத்தினாள். பலகை அசையாமல் நின்றது. அத்தா இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு நிறுத்தினார். அவள் விரல்களைச் சுற்றிப் பைன் மரத்தில் ஈரம் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. முழங்கையிலிருந்து ஒரு இலந்தை இலைத் துணுக்கு வழிந்து பலகையில் ஒட்டியது. கர்ப்பூர வாசனை வந்தது.

வேறு ஒரு நாளாக இருந்தால் ஈரக் கையோடு மரத்தைத் தொட்டதற்கு அவர் கத்தியிருப்பார். இப்போது அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிடுச்சா?"

"மூணாவது ஊத்தறாங்க."

"நீ ஊத்தலியா?"

"இல்ல."

அவர் ரம்பத்தை நாற்காலியின் மேல் வைத்தார். இஃப்ஃபத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள். பலகையில் இரண்டு உள்ளங்கைத் தடங்கள் ஐந்து விரலோடும் ஈரமாகப் பதிந்திருந்தன. அன்வருதீன் தெருவைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் தன் வலது கையை அந்த ஈரத்தின் மேல் வைத்தார். அவர் கை பெரியது, தடத்தை முழுக்க மூடிவிட்டது. உள்ளே பெண்கள் துஆ ஓதுகிற சத்தம் கேட்டு முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

அப்புறம் மீதியை அறுத்தார்கள். கயிற்றை வைத்து, முடிச்சுக்கு முடிச்சு. டேப் எடுக்கவில்லை, மூலமட்டம் எடுக்கவில்லை. முனைகள் எல்லாம் கோணலாக வந்தன. ஓரங்களையும் சீவ நேரம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஆரிப் ஆட்டோவோடு வந்தபோது ஒன்பது பலகையும் சுவரில் சாய்ந்து நின்றன.

ஆரிப் இரண்டை ஒன்றாக வைத்துப் பார்த்தான். நடுவில் விரல் நுழைகிற இடுக்கு இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

"காசிம் பாய் வைக்கோல் வெச்சிருக்காரு மாமா. இடுக்குல எல்லாம் அடச்சிடுவாராம்."

"சரி" என்றார் அன்வருதீன்.

ஆரிப் பலகைகளைத் தூக்கி ஆட்டோவில் அடுக்கினான். எட்டு போய்விட்டது. கைத்தடம் பதிந்த ஒன்பதாவதை அன்வருதீன் தன் கையிலேயே வைத்திருந்தார். வெயிலில் அதன் ஈரம் ஏறக்குறைய காய்ந்திருந்தது. ஓரத்தில் மட்டும் விரல் நுனி அளவுக்குக் கறுப்பு தெரிந்தது.

"இது தலமாட்டுக்கு" என்று அதை ஆரிப்பிடம் கொடுத்தார். "இந்தப் பக்கம் கீழ இருக்கணும். மொகத்துக்கு நேரா. காசிம் பாய்கிட்ட சொல்லிடு."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன மாமா, ரெண்டும் ஒண்ணுதானே?"

அன்வருதீன் இஃப்ஃபத்தைப் பார்த்தார். அவள் நாற்காலியில் கிடந்த அத்தாவின் பென்சிலை எடுத்து, பலகையின் மறுபக்கத்தில் 'மேல்' என்று எழுதிக் கொடுத்தாள்.